மரியாதை தெரியாத கடிதம்

அத்தியாயம் 4

பகல் பன்னிரண்டு இருபது.

"ரெண்டு கடிதாசு. அதுல ஒண்ணு திருட்டுக் கடிதாசு. எதுன்னு ஒரு மணிக்குள்ள சொல்லணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்கோ. நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்றாள் வேங்கடலக்ஷ்மி மாமி.

திருப்பதி ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் துப்பறியும் அலுவலகம். அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் அழுதுகொண்டு வருவார்கள். இந்த மாமி சண்டைக்கு வந்தாள். வயது அறுபதைத் தொட்டிருக்கும். தோளில் துணிப்பை, கையில் டிபன் கேரியர், முகத்தில் யாரையாவது இரண்டு கேள்வி கேட்காமல் திரும்புவதில்லை என்கிற தீர்மானம். கைக்கு எட்டிய தூரத்தில் நான்தான் இருந்தேன்.

நான் வேங்கடாசலம். இருபத்தாறு வருஷம் பாங்கில் கேஷியர். ஊரார் பணத்தில் ஒரு ரூபாய் குறைந்ததில்லை. ஓய்வு பெற்ற மறு மாதமே, 'உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது' என்று வந்த மெயிலை நம்பிப் பதினோராயிரம் கட்டினேன். நான் எந்தப் பார்சலுக்கும் ஆர்டர் கொடுத்திருக்கவில்லை. யாரோ நமக்கு ஏதோ அனுப்பியிருக்கிறார்களே என்ற சந்தோஷம்தான். அந்தத் திருடனைக் கண்டுபிடிக்கச் சொல்லி, இந்த அலுவலகத்தை நடத்தும் ஜமீலாவிடம் வந்தேன். கட்டணத்தைக் கேட்டதும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

ஜமீலா சித்தூர்ப் பக்கத்துக் குடிபாலாக்காரி. பதினைந்து வருஷம் ரயில்வே தபால் ஆபீஸில் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவள். எந்த உறையைக் கொடுத்தாலும் முதலில் முதுகைத்தான் பார்ப்பாள்.

"உக்காருங்க மாமி. கடைசியில இருந்து சொல்லாதீங்க, முதல்ல இருந்து சொல்லுங்க" என்றாள்.

மாமி உட்காரவில்லை.

"சித்தூர்ல ஒரு சேமிப்புச் சங்கம். இருபத்திரெண்டு வருஷமா பட்சணம் பண்ணி வித்த காசை அதுலதான் போட்டேன். சங்கத்தை மூடிட்டா. இப்போ அதோட சொத்தை வித்துப் பங்கு தரப் போறா. இன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்குள்ள பத்திரத்தோட நேர்ல போய்ப் பேரைப் பதியணும். பதியலேன்னா பங்கு கிடையாது. இதுவரைக்கும் ரெண்டு கடிதாசும் ஒத்துமையா இருக்கு. எங்கே போய்ப் பதியணும்கறதுலதான் தகராறு. ஒண்ணு சித்தூர்ங்கறது. ஒண்ணு நாயுடுபேட்டைங்கறது."

ஒன்று திருப்பதிக்கு இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம். தப்பான பக்கம் போனால் திரும்பி வந்து மற்றதைப் பிடிக்க நேரம் கிடையாது.

"மாமா இன்னா சொல்றாரு?"

"அவர் மலைமேல பிரபந்தம் சேவிக்கற கோஷ்டில இருக்கார். இந்தப் பதினைஞ்சு நாள் அவர் முறை. கோவிலுக்குள்ள போன் எடுத்துண்டு போகப்படாது. அவர் வெளில வந்து போனைப் பார்க்கறப்போ அஞ்சு மணி ஆயிடும். பொண்ணு சென்னைல இருக்கா. 'ரெண்டையும் கிழிச்சுப் போடும்மா, போன வருஷம் பட்டது போறாதா'ன்னா."

"போன வருசம் இன்னா?"

"கரண்ட் பில்லு கட்டலேன்னு ஒரு மெசேஜ். நம்பிப் பணம் போச்சு. அதுலேர்ந்து பாங்க் கார்டு அவர்கிட்ட. என் போன்ல இருந்த எல்லாத்தையும் பொண்ணு அழிச்சுட்டா. பஞ்சாங்கத்தை மட்டும் விட்டு வச்சிருக்கா." மாமி என் பக்கம் திரும்பினாள். "இன்னிக்கும் ஏமாந்தேன்னா, பால்காரருக்குக் காசு கொடுக்கறதுக்குக்கூட என்னை நம்ப மாட்டா. அதுக்குப் பயந்துண்டு ஆத்துலேயே உட்கார்ந்திருந்தாலும் ஏமாந்ததுதானே சார்?"

பதினோராயிரத்தைப் பறிகொடுத்தவன் நான். தலையை ஆட்டி வைத்தேன்.

ஜமீலா இரண்டு உறைகளையும் மேஜைமேல் வைத்தாள்.

முதலாவது பழுப்பு நிறம். ஸ்பீட் போஸ்டில் வந்தது. சங்கத்தைக் கலைக்க அரசு நியமித்த அதிகாரி அனுப்பியதாகச் சொன்னது. 'மேற்படி உரிமை கோருபவர் தமது சொந்தச் செலவில், அசல் பத்திரம் மற்றும் மூன்று புகைப்படங்களுடன் சித்தூர் அலுவலகத்தில் காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணிக்குள் ஆஜராக வேண்டும். தாமதக் கோரிக்கைகள் ஏற்கப்படமாட்டா. இது குறித்துக் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள இயலாது.' படித்து முடித்ததும், நான் செய்யாத குற்றத்துக்கு யாரோ என்னைத் திட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

இரண்டாவது வழவழப்பான வெள்ளை உறை. நான்கு மூலையிலும் மஞ்சள். 'பெருமதிப்பிற்குரிய அம்மையாரே, தங்கள் நலனே எங்கள் கவலை. அலுவலகம் மூன்று வாரம் முன்பு நாயுடுபேட்டைக்கு மாறிவிட்டது. தங்கள் பஸ் கட்டணம் திருப்பித் தரப்படும். மதிய உணவு ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது.' அடியில் சிவப்பில் ஒரு வரி: 'எங்கள் பெயரில் போலிக் கடிதங்கள் உலவுகின்றன. சித்தூருக்கு வரச் சொல்லும் கடிதத்தை நம்பாதீர்.'

"மேடம், இதுதான் நிஜம்" என்றேன் வெள்ளை உறையைத் தட்டி. "எச்சரிக்கையெல்லாம் பண்றாங்க. சாப்பாடு வேற போடறாங்க."

"அண்ணா, அந்தப் பார்சல் மெயில்லகூட எச்சரிக்கை இருந்துச்சின்னு சொன்ன இல்ல?"

வாயை மூடிக்கொண்டு இரண்டு உறைகளின் முகவரியையும் படித்தேன். இரண்டிலும் மாமியின் பெயரோடு 'சங்குபாணி மனைவி' என்று இருந்தது. "மாமி, மாமா பேரு சங்குபாணியா?"

மாமியின் முகம் முதல் தடவையாகச் சிவந்தது. பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து, கணவர் பெயர் இருந்த இடத்தை விரலால் காட்டினாள். சக்ரபாணி.

"ஆத்துக்காரர் பேரைச் சொல்ற வழக்கம் எங்காத்துல இல்லை. பத்திரம் எழுதறச்சே சங்கத்து ஆள் கேட்டார். பெருமாள் கையில வச்சிண்டிருப்பாரேன்னு ஜாடையாச் சொன்னேன். அவர் ரொம்பப் புத்திசாலி மாதிரித் தலையை ஆட்டிண்டு எழுதிண்டார். பத்திரம் கைக்கு வந்தப்புறம் பார்த்தா, சங்குபாணி."

"திருத்தச் சொல்லலியா?"

"திருத்தறதுக்கும் பேரைச் சொல்லணுமே! அதுலேர்ந்து அந்தப் பத்திரத்தை அவர் கண்ல காட்டினதே இல்லை. வேற யாரோ ஒருத்தரோட பொண்டாட்டின்னு எழுதியிருக்கற பேப்பரை எப்படிக் காட்டறது?"

நான் சிரித்துவிடக் கூடாதே என்று மின்விசிறியைப் பார்த்தேன்.

"அப்ப ரெண்டுமே திருட்டு மேடம். ரெண்டுலயும் தப்பான பேரு. நிஜ ஆபீஸா இருந்தா சரியான பேரு தெரியாதா?"

ஜமீலா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.  இரண்டு கடிதங்களிலும் இருந்த போன் எண்களை வரிசையாக அழைத்தாள். வெள்ளைக் கடிதக்காரர்கள் முதல் மணியிலேயே எடுத்து, "நமஸ்காரம், கிளம்பிட்டீங்களா அம்மா?" என்றார்கள். பழுப்புக் கடிதத்தின் எண் ஒன்பது தடவை அடித்தும் ஒருவரும் எடுக்கவில்லை.

"மாமி, கிளம்புங்க. சித்தூரு."

"எடுக்கவே இல்லையே!"

"அதான் மாமி நிஜம். அண்ணா, இருபத்தாறு வருசம் பேங்க்ல குந்திக்கினு இருந்தியே, கஸ்டமருக்கு அனுப்பின கடிதாசுல ஒண்ணுலயாச்சும் சாப்புட்டீங்களான்னு கேட்டிருக்கியா?"

"சேச்சே."

"போனு?"

"அடிச்சிக்கினே இருக்கும். எடுத்தா வேலை வந்துடும்ல."

"நெஜமான ஆபீஸு மருவாதியே தெரியாம எழுதும். திருடனுக்குத்தான் நம்ம மேல அவ்ளோ அன்பு." வெள்ளை உறையைத் திருப்பி என் மூக்கின்முன் நீட்டினாள். "முத்திரையைப் பாரு. மூணு வாரம் முன்னாடி நாயுடுபேட்டைக்குப் போன ஆபீஸு, போன வாரம் சித்தூர்ல கடிதாசு போட்டிருக்குது. ஒரு தபாலு போட அவ்ளோ தூரம் திரும்பியா வந்தாங்க?"

*

என் பழைய மாருதி சந்திரகிரியைத் தாண்டும்போது மணி ஒன்று நாற்பது. காணிப்பாக்கம் பிள்ளையார் கோவிலுக்குப் போகிற வண்டிகளின் நெரிசலில் பாதி உயிர் போனது. மாமி பின்சீட்டில் கேரியரைத் திறந்து எனக்குத் தயிர் சாதம் கொடுத்தாள். ஓட்டிக்கொண்டே சாப்பிட்டேன்.

"சார், தப்பான ஊருக்குப் போயிண்டிருந்தா என்ன பண்ணுவேள்?" என்றாள் மாமி.

"உங்க பொண்ணுகிட்ட நானே பேசறேன் மாமி. என் கதையைக் கேட்டா உங்கமேல இருக்கற கோவம் போயிடும்."

"வேண்டாம். என் தப்புக்கு நான்தான் பேசுவேன்."

சித்தூரில் சங்கத்துக் கட்டடத்தின் முன் நிறுத்தியபோது மணி மூன்று பத்து.

ஷட்டர் இறங்கியிருந்தது. என் முஷ்டியளவு பூட்டு. ஷட்டரில் தெலுங்கில் ஒரு தாள்: அலுவலகம் நாயுடுபேட்டைக்கு மாற்றப்பட்டுள்ளது.

நான் ஸ்டீரிங்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டேன். ஹாரன் அடித்தது. தெருவே திரும்பிப் பார்த்தது.

மாமி இறங்கிப் போய் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. நேராகத்தான் நின்றாள். பையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டாள்.

"ஆக, மஞ்சள் தடவின கடிதாசுதான் நிஜம்" என்றாள்.

"மேடம்..." என்றேன். 

ஜமீலா அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை. தெருமுனை டீக்கடையிலிருந்து ஃபிளாஸ்கும் காகிதக் கப்புகளுமாக வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் எங்களைக் கடந்து, கட்டடத்தின் பக்கவாட்டுச் சந்துக்குள் திரும்பினாள்.

"அக்கா! எவரிக்கி டீ?" என்றாள் ஜமீலா.

"மேல ஆபீஸு சாருக்கும்மா." ரோஜா என்ற அந்த டீக்கடைக்காரி நின்றாள். "காத்தாலேர்ந்து இது அஞ்சாவது டீ. முதல்ல வந்த ரெண்டு பேருக்கு அப்புறம் ஒரு ஜனம்கூட வர்லியாம். பாவம், கொட்டாவி விட்டுக்கினு குந்திக்கினு இருக்காரு."

"மாடிக்கு எப்பிடிப் போற?"

"பின்னாடி இரும்புப் படி இருக்குது இல்ல?"

மாமி எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. ரோஜாவை முந்திக்கொண்டு சந்துக்குள் போனாள்.

*

மாடி அறையில் ஒரு மேஜை, ஒரு தடித்த பதிவேடு, இரண்டு ஆட்கள். மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட அதிகாரி. பெயர்ப் பலகை ஜெயச்சந்திரன் என்றது. பக்கத்தில் கோடு போட்ட சட்டையில் ஒரு பெரியவர். எங்களைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

"அம்மா, ஆபீஸ் இக்கட லேதம்மா, நாயுடுபேட்டை..." என்று எழுந்தார் அவர்.

"இங்க இல்லியா?" அதிகாரி அவரை விசித்திரமாகப் பார்த்தார். "அப்ப நான் எங்க உக்காந்துனு இருக்கேன், நாகபூஷணம் காரு?"

அந்த ஒரு கேள்விக்கு நான் அவருக்குச் சிலை வைப்பேன்.

மாமி மேஜையருகே போனாள். பத்திரம், மூன்று புகைப்படம், ஆதார் அட்டை, பழுப்புக் கடிதம் நான்கையும் வரிசையாக வைத்தாள். "பேரைப் பதியணும். மணி மூணு இருபது. நேரத்தையும் சேர்த்து எழுதுங்கோ."

"தாராளமா. ஆனா நீங்க ஏன் வழி தேடி அலைஞ்ச மாதிரி மூச்சு வாங்கினு வரீங்க? முன் ஷட்டர் ரிப்பேர், ஜனங்களுக்குப் பின்படி வழி சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருக்கேன்னு சங்கத்துக் குமாஸ்தா இவரு சொன்னாரே."

ஜமீலா வெள்ளைக் கடிதத்தை மேஜைமேல் போட்டாள். "ஒட்டியிருக்காரு சார். இதுல இருக்கறதையேதான் ஒட்டியிருக்காரு."

ஜெயச்சந்திரன் படித்தார். சிவப்பு வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

நாகபூஷணம் அதற்குள் சமாளித்துக்கொண்டார். "ஐயோ சார், இது ஆன்லைன் திருடங்க வேலை! நோட்டீஸும் அவங்களே ஒட்டியிருப்பாங்க. இப்ப எல்லார் ஆதாரும் போன் நம்பரும் அவங்க கையிலதான். நாங்களும் பாதிக்கப்பட்டவங்கதான் சார்!"

"கரெக்டு" என்றாள் ஜமீலா. "ஆதாரு அவங்க கையில இருக்குது. ஆதார்ல மாமா பேரு சக்ரபாணி. ரேஷன் கார்டுல சக்ரபாணி. வெளித்திருடன் எங்கேர்ந்து எடுத்திருந்தாலும் சரியான பேரு வந்திருக்கும். இந்தக் கடிதாசுல பேரைப் பாருங்க சார்."

"சங்குபாணி."

"இந்த உலகத்துல மாமிக்கு அப்பிடி ஒரு புருசன் இருக்கறது ரெண்டே இடத்துல. ஒண்ணு, மாமி ஒளிச்சு வச்ச பத்திரம். இன்னொண்ணு, உங்க முன்னாடி இருக்கற பதிவேடு. நீங்களும் அதைப் பார்த்துதானே அனுப்பினீங்க? அதான் நெஜக் கடிதாசுலயும் அதே தப்பு."

அலுவலகத்தில் நான் பேசிய 'ரெண்டுமே திருட்டு' எனக்கு இப்போது காதில் கேட்டது. இரண்டிலும் ஒரே தப்பு என்றால், இரண்டும் ஒரே புத்தகத்தில் பிறந்தவை. இருபத்தாறு வருஷம் பேரேட்டோடு குடும்பம் நடத்தியவனுக்கு இது தோன்றவில்லை.

ஜெயச்சந்திரன் மெதுவாக நிமிர்ந்தார். "பதிவேட்டு பீரோ தாளம் மீ தெக்கரே கதா, நாகபூஷணம்? உங்ககிட்டதானே சாவி இருந்துச்சி?"

நாகபூஷணத்தின் கை சட்டைப் பைக்குப் போனது.

"காசு பிடுங்கறதுக்கு எழுதின கடிதாசு இல்ல சார் இது" என்றாள் ஜமீலா. "நீங்க அனுப்பினதை இவரால தடுக்க முடியல. அதான் பின்னாடியே இன்னொண்ணு போட்டாரு. ஜனங்க இன்னைக்கு ஒரு நாளு இந்த ஊர்ல இல்லாம இருந்தாப் போதும். வந்தவங்களுக்குள்ளதானே பங்கு? இதுவரைக்கும் யார் யார் பதிஞ்சிருக்காங்க?"

அதிகாரி ஏட்டைப் புரட்டினார். "மூணு பேர். இவர் சம்சாரம், இவர் மச்சான், அப்புறம் இவரே."

நாகபூஷணத்தின் குரல் சட்டென்று மாறியது. "சரி சார், நீங்களே சொல்லுங்க. பத்திரத்துல சங்குபாணி, ஆதார்ல சக்ரபாணி. பேரு ஒத்து வரல. சட்டப்படி இந்தம்மா மனுவை ஏத்துக்க முடியாது."

 ரோஜா டீ ஊற்றுவதை நிறுத்தினாள்.

"இதை எழுதினது யாரு?" என்றாள் மாமி.

"எது?"

"அந்த ஏட்டுல சங்குபாணின்னு எழுதினது. அன்னிக்கு ரொம்பப் புத்திசாலி மாதிரித் தலையை ஆட்டினது நீர்தானே? அப்போ தலைமயிர் இருந்தது. அதான் சட்டுன்னு அடையாளம் தெரியலை." மாமி அதிகாரியிடம் திரும்பினாள். "புருஷன் பேரை எழுதினது இவர். கையெழுத்துப் போட்டது நான். பணம் போட்டதும் நான். என் கையெழுத்து ஒத்து வரதா பாருங்கோ. இல்லேன்னா இப்படியே இறங்கிப் போயிடறேன்."

மாமி ஒரு தாளில் கையெழுத்திட்டாள். அதிகாரி அதை ஏட்டில் இருந்ததோடு வைத்துப் பார்த்தார். பிறகு அவள் பெயரைப் பதிந்து, நேரம் எழுதி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். அடுத்து போலீஸுக்குப் போன் போட்டார். நாகபூஷணம் இரும்புப் படிப் பக்கம் நகர்ந்தார். நான் போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். என் உடம்பு துப்பறிகிற தொழிலுக்குப் பயன்பட்ட ஒரே சந்தர்ப்பம் அது.

"வாங்க மாமி. வந்த வேலை முடிஞ்சுது" என்றேன்.

"இன்னும் எத்தனை பேர் சார் அந்த ஏட்டுல?"

"இருநூத்திப் பதினாலு" என்றார் ஜெயச்சந்திரன். "என்ன பண்றதும்மா? கெடு இன்னிக்கு நாலு மணி. நாயுடுபேட்டைக்குப் போனவங்க இனிமே வந்து சேர முடியாது. விதி அப்படி."

"உங்க கடிதாசை நீங்களே படியுங்கோ. காலைல பத்து மணிலேர்ந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும் ஆபீஸ் திறந்திருக்கும்னு போட்டிருக்கேள். திறந்திருந்ததா?"

"அது... ஷட்டர்..."

"வாசல்ல பூட்டு தொங்கறது. திறக்காத ஆபீஸுக்கு நாலு மணி எப்படி சார் வரும்? நீங்க சொன்ன ஆறு மணி நேரம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. இல்லை, விதிதான் பெரிசுன்னா சொல்லுங்கோ. என் பேரையும் அடிச்சுடுங்கோ. இவரோட மச்சானுக்குப் பக்கத்துல என் பேர் இருக்க வேண்டாம்."

ரசீதை மேஜைமேல் வைத்தாள். இருபத்திரண்டு வருஷத்து எண்ணெய்ப் புகை அந்தச் சின்னத் தாளில் இருந்தது. நான் என்னை அறியாமல், "மாமி, வேண்டாம்" என்றேன்.

ஜெயச்சந்திரன் ரசீதைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். ரசீதை எடுத்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு நாகபூஷணத்திடம் கையை நீட்டினார். சாவிக்கொத்து வந்தது.

மூன்று ஐம்பத்தெட்டுக்கு ஷட்டர் உயர்ந்தது. அந்தத் தாள் இருந்த இடத்தில் ஜெயச்சந்திரன் கையால் எழுதிய வேறு தாள் ஒட்டப்பட்டது: அலுவலகம் திறக்கப்படாததால் கெடு நாளை மாலை நான்கு மணிவரை நீட்டிக்கப்படுகிறது. முத்திரையை இரண்டு தடவை குத்தினார். முதல் குத்து கோபத்துக்கு என்று நினைக்கிறேன்.

மாமி ஒரு நாற்காலியை இழுத்து ஷட்டருக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தாள். மடியில் ஏட்டிலிருந்து எழுதிக்கொண்ட போன் எண்கள்.

"சார், உங்க போனைக் கொடுங்கோ."

கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டு முதல் எண்ணை அடித்தாள்.

"ஹலோ, நாகையாகாரா? நாயுடுபேட்டைலேயா நிக்கறேள்? அங்கே ஒண்ணும் இல்லை. நாளைக்குப் பத்திரத்தை எடுத்துண்டு சித்தூருக்கு வாங்கோ."

அந்தப் பக்கம் ஒரு பெரியவரின் சந்தேகக் குரல்: "நீ எவரும்மா? திடீர்னு போன் பண்ணி அங்க வா, பத்திரத்தை எடுத்துனு வான்னா? உன்னை எப்பிடி நம்பறது?"

நான் மாமியைப் பார்த்தேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் மலர்ந்தது.

"நம்பாதீங்கோ. சபாஷ், என்னை நம்பவே நம்பாதீங்கோ. பத்திரத்தை யார் கையிலேயும் கொடுக்காதீங்கோ. பத்து மணிக்கு வந்து கதவு திறந்திருக்கான்னு உங்க கண்ணால பாருங்கோ. திறக்கலேன்னா ஒரு கிழவி இங்கே உட்கார்ந்திருப்பா, அவளைத் திட்டுங்கோ."

போனை வைத்துவிட்டு, பட்டியலில் அடுத்த எண்ணின்மேல் விரலை வைத்தாள்.